சுத்துவழியில ஓடுற ரத்தம்

மஸ்கட்ல ஒரு மொட்டை மாடியில ஏசி மிஷினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு நின்னப்ப அக்கா போன் பண்ணுச்சு. "கயலுக்கு எடுத்த ஸ்கேன் சரியா விழலையாம்டா. மறுபடியும் வரச் சொன்னாங்களாம். இவுங்க போகவே இல்ல போலருக்கு." எப்ப எடுத்ததுன்னு கேட்டேன். ஆவணியிலன்னுச்சு. நாங்க போன் பேசுறது மாசி மாசம். எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த ஸ்பேனரை வீசியிருப்பேன். கீழ போறவன் மண்டையில விழுந்தா அந்த ஊர்ல ஜெயிலு. அதனால பத்திரமா பையில வச்சுட்டு, மொதலாளிகிட்ட சண்டை போட்டு லீவு வாங்கிக்கிட்டுக் கெளம்பி வந்துட்டேன்.

கயல் என் அக்கா மவ. அவ அப்பா போய்ச் சேந்துட்டாரு. அக்கா வாலிகண்டபுரத்துல சின்ன வெங்காயத்தையும் பருத்தியையும் கட்டிக்கிட்டு அழுவுது. பொண்ணு வூட்டுப் பக்கம் நின்னு கேள்வி கேக்க ஆளுன்னு பாத்தா தாய்மாமன் நான் ஒருத்தன்தான். கயலை ரெட்டிபாளையத்துல கட்டிக் குடுத்திருக்கோம். மாப்ள மணிமாறனுக்கு சிமெண்ட் ஆலையில காண்ட்ராக்ட் வேலை. நல்ல பையன்தான். ஆனா அவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள ஒரு லாரி லோடு ஏத்திடலாம்.

அந்தப் புள்ளைக்குக் கல்யாணமான புதுசுலேர்ந்தே தலைவலி. கொஞ்ச தூரம் நடந்தா காலு கடுத்துப் போயிரும். போற எடத்துலல்லாம் கையில பட்டையைக் கட்டிப் பாத்து "பிரஷர் இருக்கு, உப்பைக் கொறைம்மா"ன்னு மாத்திரையைக் குடுத்து அனுப்புனாங்க. இருபத்தி மூணு வயசுப் புள்ளைக்கு ஏன் பிரஷர்னு ஒருத்தனும் கேக்கல. காலைத் தொட்டுப் பாக்க ஒருத்தனுக்கும் தோணல. கடைசியில திருச்சியிலேர்ந்து பெரம்பலூருக்கு வாரம் ஒருநாள் வந்து போற இருதய டாக்டர்தான் கால்ல நாடி புடிச்சுப் பாத்தாரு. கையில மத்தளம் கொட்டுற நாடி, கால்ல இருக்கா இல்லையான்னே தெரியலையாம்.

இதயத்துலேர்ந்து கெளம்பி ஒடம்பு முழுக்க ரத்தத்தைக் கொண்டுபோற பெருந்தமனி, அவளுக்குப் பொறவியிலயே ஒரு எடத்துல சிறுத்துப் போய்க் கெடக்கு. எனக்கு இது டக்குன்னு புரிஞ்சுது. ஏசியில செம்புக் குழாய் நசுங்குனா நசுங்குன எடத்துக்கு முன்னால பிரஷர் ஏறும், பின்னால எறங்கும், மோட்டார் முக்கி முக்கி ஓடி ஒருநாள் புகையும். இங்க மோட்டார்ங்கறது எங்க கயலோட நெஞ்சு. எக்கோவுல அந்த எடம் முழுசாத் தெரியல, எம்ஆர்ஐ எடுத்து அந்தக் குறுகலைச் சுத்தி ரத்தம் எவ்ளோ வேகத்துல எந்தப் பக்கமா ஓடுதுன்னு அளக்கணும், அளந்து பாக்குற வரைக்கும் புள்ளயப் பத்தி யோசிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு ஒருவாட்டி போனாங்க. படம் கெட்டுப் போச்சு. வூட்டுக்கு வந்து படுத்துட்டாங்க. ஆவணியிலேர்ந்து மாசி வரைக்கும்.

திருச்சியில எறங்கி அரியலூர் போய்ச் சேர்றதுக்குள்ளயே எனக்குப் பாதித் தொண்டை போயிருச்சு. முன்னாடி சுண்ணாம்புக் கல்லு லாரி, பின்னாடி சுண்ணாம்புக் கல்லு லாரி, நடுவுல எங்க பஸ்ஸு. மஸ்கட்ல லாரி மேல தார்ப்பாய் போடாம ரோட்டுக்கு வந்தா போலீஸ்காரன் சும்மா வுட மாட்டான். இங்க தார்ப்பாய் டிரைவர் சீட்டுக்குப் பின்னால மடிச்சு மெத்தையாக் கெடக்கு. அரியலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சேன். அது நல்லாருந்துச்சு, அதையும் சொல்லித்தான் ஆகணும். வெந்த எலைத்தூள்ல பால் பவுடரைக் கரைச்சு அரபு நாட்டுல குடுக்குறதெல்லாம் டீயே இல்ல.

ரெட்டிபாளையத்துல சிமெண்ட் தூசி படிஞ்சு வேப்ப மரத்து எலையெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. கயல் வாசல்லயே நின்னா. மொகம் ஊதிப் போயி, கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயி. "வாங்க மாமா"ன்னு சிரிச்சா. உள்ள அவ மாமியா சம்பூரணம் எனக்கு எலை போட்டுருந்துச்சு. கருவாட்டுக் குழம்பு, அப்பளம், மாங்கா ஊறுகா. பக்கத்துலயே கயலுக்கும் அதே சாப்பாடு.

"ஏங்க சம்மந்தியம்மா, பிரஷர் இருக்கற புள்ளைக்குக் கருவாடா?"

"நீங்க வர்றீங்கன்னு வச்சேன் சம்மந்தி. வெளிநாட்டுல இதெல்லாம் கெடைக்காதே."

அட கெரகமே! எனக்கு வச்சா எனக்குப் போடுங்க, அவளுக்கு ஏன் போடுறீங்கன்னு கேட்டேன். "அவளுக்கு மட்டும் வேற ஒலை வைக்க முடியுமா? ஊரு என்ன சொல்லும்?"ன்னுச்சு அந்தம்மா. கருவாட்டுக் கொழம்புக்கெல்லாம் ஊரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. கயல் தட்டுல இருந்த மீனை எடுத்து என் எலையில போட்டுக்கிட்டு ரசம் கொண்டாரச் சொன்னேன்.

சாப்புட்டுக் கை கழுவுனதும் ஸ்கேன் பேச்சை எடுத்தேன். "அதான் எடுத்தாச்சே. மிசினுக்குள்ள படுத்து எந்திரிச்சு வந்தாளே. அதுக்கப்புறமும் கூப்புடுறானுங்க, பொழப்பத்தவனுங்க"ன்னுச்சு சம்பூரணம். மாப்ளயப் பாத்தேன். அவன் சொவத்தப் பாத்தான். "ஏம்ப்பா, நீ என்ன சொல்ற? வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னேன். முறைக்கு நான் அவனுக்குச் சித்தப்பா. "அம்மாகிட்ட கேட்டுட்டுப் போலாம்னு இருந்தேன் சித்தப்பா"ன்னான். அம்மா அவனுக்கு நேர் எதுத்தாப்புல உக்காந்து வெத்தலையில சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருக்கு. ஆவணியிலேர்ந்து கேக்க நேரமில்லையாம்.

அதுக்கப்புறம் அந்தம்மா சொன்னதுதான் என்னை எந்திரிக்க வச்சுது. "ஒரு புள்ள பொறந்தா இந்தத் தலைவலியெல்லாம் தானாப் போயிரும் சம்மந்தி. எங்க பக்கம் எத்தன பேருக்குப் போயிருக்கு!" நான் போட்ட சத்தத்துல எதிர் வூட்டு நாய் எந்திரிச்சு ஓடுச்சு. "புள்ளயச் சொமக்குறப்ப அந்தக் குழாய் தாங்காதுன்னுதானே டாக்டர் அளக்கச் சொன்னாரு! தாயும் போயி புள்ளயும் போனா தலைவலி கண்டிப்பாப் போயிரும்!"னு கத்துனேன். கயல் என் சட்டையைப் புடிச்சு இழுத்து உக்கார வச்சா.

மறுநாள் வாலிகண்டபுரம் போனேன். சிவன் கோயிலுக்குள்ள காலெடுத்து வச்சா ஜில்லுன்னு இருந்துச்சு. ஒரு கம்ப்ரசரும் இல்லாம இந்தக் குளிர்ச்சி எப்புடி வருதுன்னு தூணைத் தடவிப் பாத்துக்கிட்டே ஒரு சுத்து வந்தேன். சாமிகிட்டயும் கோவமாத்தான் பேசுனேன். அக்கா வெங்காயம் போட்ட கம்பங்கூழைக் குடுத்துட்டு என்கிட்ட கெஞ்சுச்சு. "ரொம்பப் பேசாதடா. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நீ மஸ்கட்டுக்குப் போயிருவ, புள்ள அங்கதானே வாழணும்."

இதைக் கேட்டுத்தான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. எல்லாருக்கும் அவ அங்க வாழணும்ங்கறதுதான் கவலை. உசுரோட இருக்கணும்ங்கறது அதுக்குள்ள அடங்கிரும்னு நெனைக்கிறாங்க போல. அக்கா முன்னாலயே பெரம்பலூர் ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டேன். பாட்டு பாடுச்சு. கட் ஆச்சு. மறுபடி போட்டேன், மறுபடி பாட்டு. கடைசியில ஒரு பொண்ணு எடுத்து, நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துருங்க, டாக்டரும் அதுக்கு மறுநாள் வர்றாருன்னுச்சு. ஊருக்கு வந்ததுலேர்ந்து மொதல் நல்ல சேதி அதான்.

அன்னிக்கே ரெட்டிபாளையம் திரும்பி நான் போட்ட சத்தத்துல, அடுத்த நாள் நாலு பேரும் கெளம்புனோம். நான், கயல், சம்பூரணம், மாப்ள. அரியலூர்லேர்ந்து பெரம்பலூர் பஸ்ஸு. பாதி வழியில பஸ் நின்னுருச்சு. எட்டிப் பாத்தா, எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டுப் போன டிராக்டர் டிரெய்லரோட குடை சாஞ்சு கெடக்கு. ரோடு முழுக்கக் கரும்பு. யாருக்கும் அடிபடல, அது வரைக்கும் சந்தோசம். ஆனா எங்க பஸ்ஸு ஜனம் எறங்குன வேகத்தைப் பாக்கணுமே! ஆளுக்கு ரெண்டு கரும்பு உருவிக்கிட்டு, ரோட்டோரம் குந்தி, கல்யாண வூட்டுப் பந்தியில உக்காந்த மாதிரி கடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கண்டக்டர் கையிலயும் ஒரு துண்டு.

"ஏன்யா, கரும்பைத் திங்கறதுக்கா வேலைக்கு வந்த? எடுத்து ஓரமாப் போட்டா வண்டி போயிரும்ல?"ன்னு நான் கத்துனேன்.

"ஜேசிபி வரும் சார். அவசரம்னா நடந்து போங்க"ன்னான் அவன், சக்கையைத் துப்பிக்கிட்டு.

பஸ்ஸுல சிமெண்ட் ஆலை வேலைக்கு வந்த வடக்கத்திப் பசங்க ரெண்டு பேரு நின்னானுங்க. எனக்கு இந்தி தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு என்னைப் பத்தியே பேசுனானுங்க. "இந்தக் கெழவன் எதுக்கு இப்புடிக் குதிக்கிறான்?"னான் ஒருத்தன். "அரபு நாட்டுக்காரன்டா. அந்த வாட்ச்சைப் பாரு. திரும்பி வந்தவனெல்லாம் இப்புடித்தான், சொந்த ஊரு புடிக்காது"ன்னான் இன்னொருத்தன். நான் இந்தியிலயே திரும்பி, "என் அக்கா மவளுக்கு நெஞ்சுல சீக்கு, நேரத்துக்குப் போகலன்னா ஸ்கேன் போச்சு, நான் குதிக்காம யாருடா குதிக்கறது?"ன்னேன். ரெண்டு பேர் மொகமும் சுருங்கிப் போச்சு. சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டு எறங்கிக் கரும்பு அள்ள ஆரம்பிச்சானுங்க. நானும் போனேன். என் மாப்ளயும் எறங்குனான், சொல்லாமலே. கொஞ்ச நேரத்துல ஒரு பஸ்ஸு போற அளவுக்கு வழி வந்துருச்சு. அந்தப் பசங்களுக்கு ஒரு கும்புடு போட்டேன்.

எவ்ளோ அள்ளி என்ன, சென்டருக்குப் போய்ச் சேந்தப்ப எங்க முறை போயிருச்சு. சாயங்காலத்துக்குள்ள கூப்புடறோம்னாங்க. ஸ்கேன் எடுக்கிற பொண்ணு பேரு ரெஜினா. கயலைப் பாத்ததும் அடையாளம் கண்டுபுடிச்சுட்டா. "நீங்களா? போன தடவை படத்தைப் பாழாக்குன ஆளு!" என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். அவ என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னா.

எம்ஆர்ஐ மிஷின் பெரிய காந்தம். உள்ள போகணும்னா கழுத்துல கையில ஒண்ணும் இருக்கக் கூடாது. தாலியைக் கழட்ட சம்பூரணம் ஒத்துக்கல. அழுது, சண்டை போட்டு, கடைசியில தங்கத்தைக் கழட்டிட்டு மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சக் கெழங்கைக் கோத்துக் கட்டி அனுப்புச்சாம். கயிறு நூலு, கெழங்கு கெழங்கு, காந்தத்துக்கு அதால ஒண்ணும் இல்லன்னு ரெஜினாவும் விட்டுட்டா. ஆனா கயித்துல ஒரு ஊக்கு இருந்துருக்கு. ஜாக்கெட்டுக்கும் முந்தானைக்கும் உதவும்னு நம்ம பொம்பளைங்க தாலியில கோத்து வச்சிருப்பாங்களே, அந்த ஊக்கு. "பெருந்தமனி இருக்க வேண்டிய எடத்துல கொட்டாங்கச்சியைக் கவுத்த மாதிரி கறுப்பா ஒரு வட்டம் சார். ஒண்ணுமே அளக்க முடியல. உடனே நிறுத்தி வெளிய இழுத்தேன்"னா ரெஜினா.

"நீ பாக்க வேணாமாம்மா? அது பறந்து வந்து கண்ணுல குத்தியிருந்தா?"

"மூணுவாட்டி கேட்டேன் சார், இரும்பு எதுவும் இருக்கான்னு. இல்லைன்னு தலையை ஆட்டுனாங்க. கழுத்துக்குள்ள கையை விட்டுப் பாக்கவா முடியும்?"

"தடவிப் பாக்கற கோலு ஒண்ணு வச்சிருப்பாங்களே?"

"அது அன்னிக்கு ரிப்பேரு சார்."

நல்லாருக்கு ஞாயம்! ஊரையே உறிஞ்சுற காந்தத்தை வச்சிருக்கறவன், ஊக்கைக் கண்டுபுடிக்கிற கோலை ரிப்பேர்ல போட்டு வச்சிருக்கான். அங்க நாலு வார்த்தை கத்திட்டு, வெளிய வந்து சம்பூரணத்துகிட்ட மீதியைக் கத்துனேன். "கயித்தைக் கட்டிவிட்டது நீங்கதானே? ஊக்கைக் கழட்டணும்னு தெரியாதா? ஒரு ஊக்குக்கு ஆறு மாசம் வீணாப் போச்சே!" வரிசையில உக்காந்திருந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. "நான் புதுக் கயிறுதானேங்க கட்டுனேன். ஊக்கு எப்புடி வந்துச்சுன்னு தெரியலையே"ன்னு அந்தம்மா மொகத்தை மூடிக்கிச்சு. மாப்ள செருப்பையே பாத்துக்கிட்டு இருந்தான்.

கயலைக் கூட்டிக்கிட்டு எதுத்தாப்புல இருந்த ஓட்டலுக்குப் போனேன். பரோட்டா மாஸ்டர் கல்லுல டமடமன்னு கொத்திக்கிட்டு இருந்தாரு. அவளுக்கு இட்லி, எனக்கு பரோட்டா. மஸ்கட்ல கேரளாக்காரன் போடுற பரோட்டா மெத்து மெத்துன்னு இருக்கும், இங்க ஓரம் மொறுமொறுன்னு, வாயில போட்டா கரையுது. ஒரு வாய்தான் வச்சிருப்பேன்.

"மாமா, அத்தையைத் திட்டாதீங்க. ஊக்கு நான்தான் குத்துனேன்."

"மறந்து போயா?"

"இல்ல மாமா. தெரிஞ்சுதான். முன்னாடி நாளே அந்த ஸ்கேன் அக்கா போன்ல சொன்னாங்க, இரும்பு எதுவும் வச்சுக்காதீங்க, படம் கெட்டுரும்னு. அப்பதான் தோணுச்சு. பாத்ரூமுக்குப் போயி கயித்துல மாட்டிக்கிட்டு வந்துட்டேன். உள்ள போனதும் நெஞ்சுல யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. வாயத் தொறக்கல."

ஏன்டின்னு கேட்டேன். இட்லியைப் பிச்சுப் பிச்சு வச்சுக்கிட்டே சொன்னா.

"அளந்து பாத்துட்டுத்தான் புள்ளயப் பத்தி யோசிக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல. அளக்காம இருந்தா யாரும் வேணாம்னு சொல்ல முடியாதுல்ல. அத்தை மாசா மாசம் கேக்கும் மாமா, தலைக்கு ஊத்திக்கிட்டியான்னு. ஆமான்னு சொன்னா அன்னைக்கு முழுக்க என் மொகத்தைப் பாக்காது. எங்க தெருவுல ஒரு அக்காவைப் புள்ள இல்லன்னு அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டு வேற பொண்ணு கட்டிட்டாங்க. வயித்துல ஒண்ணு வந்துட்டா என்னை யாரு மாமா அனுப்புவா?"

"உசுரு போயிருந்தா?"

"போனா அந்த வூட்டுலேர்ந்துதானே போவும்."

இதை அவ அழுதுக்கிட்டுச் சொல்லல. கடையில சட்னி கேக்குற மாதிரி சொன்னா. எனக்கு அவளை ஒரு அறை வுடலாமான்னு இருந்துச்சு, கட்டிக்கிட்டு அழலாமான்னும் இருந்துச்சு. ரெண்டும் செய்யல. சால்னா ஆறிப் போச்சுன்னு சப்ளையர்கிட்ட சண்டை போட்டேன். பாவம், அவன் என்ன பண்ணுவான், சூடா வேற கொண்டாந்து ஊத்துனான்.

வெளிய வந்து அவகிட்ட ஒண்ணுதான் கேட்டேன். "இன்னிக்கு என்ன பண்ணப் போற?" "காலையில மூஞ்சி கழுவக் குனிஞ்சேன் மாமா. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. பயமாருக்கு. எடுத்துருவோம்"னா.

சாயங்காலம் கூப்புட்டாங்க. இந்த வாட்டி ரெஜினா கயிறும் வேணாம் கெழங்கும் வேணாம்னுட்டா. சம்பூரணம் வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே கயல் தாலியைக் கழட்டி அந்தம்மா கையில குடுத்துட்டு உள்ள போயிட்டா. அந்தம்மா அதை மடியில முடிஞ்சுக்கிட்டு, முருகா முருகான்னு கதவையே பாத்துக்கிட்டு உக்காந்துருச்சு. தடவிப் பாக்கற கோலு இப்ப வேலை செய்யுது. நானே என் பெல்ட்டுல வச்சுக் கத்தவிட்டுப் பாத்துட்டுத்தான் விட்டேன்.

உள்ளேர்ந்து டக்கு டக்குன்னு கல்லு ஒடைக்கிற மாதிரி சத்தம். மார்புல வயர் ஒட்டி, நெஞ்சு ஒவ்வொருவாட்டி துடிக்கிறதுக்கும் ரத்தம் எவ்ளோ போகுதுன்னு அந்த மிஷின் அளக்குதாம். ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்கணும். "மூச்சை இழுங்க. அப்புடியே புடிங்க. இப்ப வுடுங்க"ன்னு ரெஜினா மைக்குல சொல்றது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. ஒவ்வொருவாட்டியும் என் பக்கத்துல சம்பூரணமும் மூச்சை இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெஜினா வுடுங்கன்னு சொன்னப்புறம்தான் வுட்டுச்சு. இந்த அம்மாவுக்கு இவ்ளோ பாசம் இருந்தா ஆறு மாசமா எங்க வச்சிருந்துச்சுன்னு எனக்கு மறுபடியும் எரிஞ்சுது.

கயல் வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தா. "விழுந்துருச்சு சார், நல்லா விழுந்துருச்சு"ன்னா ரெஜினா. அன்னிக்கு எல்லாரும் பெரம்பலூர்லயே சொந்தக்காரங்க வூட்டுல தங்குனோம்.

மறுநாள் டாக்டர் அறை. சின்ன அறை, ஏசி ஓடுது, ஆனா குளிரு இல்ல. கேஸ் கொறைஞ்சிருக்குன்னு சத்தத்துலயே தெரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டு உக்காந்தேன். டாக்டர் கம்ப்யூட்டரை எங்க பக்கம் திருப்புனாரு. கயலோட நெஞ்சுக்குள்ள ரத்தம் கலர் கலரா ஓடிக்கிட்டு இருக்கு. மேலேர்ந்து அகலமா வந்து, ஒரு எடத்துல இடுப்பு சிறுத்து, அதுக்குள்ளேர்ந்து சுர்ருன்னு பீய்ச்சுது. ஒரு நிமிசம் எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்தோம். மாப்ள கையை நீட்டி அந்த எடத்தைத் தொடப் போயி, கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கிட்டான்.

"குறுகலுக்குக் கீழ ரெண்டு எடத்துல அளந்திருக்கோம்"னாரு டாக்டர். "ஒண்ணு குறுகலைத் தாண்டுன ஒடனே. இன்னொண்ணு வயித்துக்கு மேல. கீழ போகப் போக ரத்தம் கொறையணும், ஏன்னா வழியில கிளைக்கெல்லாம் பிரிஞ்சு போகும். இவுங்களுக்குக் கீழதான் அதிகமா இருக்கு."

"அது எப்புடிங்க சார் கூடும்?"ன்னான் மாப்ள. அவனாக் கேட்ட மொத கேள்வி அது.

"மடையில அடைப்பு இருந்தா தண்ணி பக்கத்து வரப்பை அறுத்துக்கிட்டுப் போயி கீழ வயல்ல சேருதுல்ல, அந்த மாதிரி. விலா எலும்புக்கு நடுவுல இருக்கற சின்னக் குழாயெல்லாம் வீங்கி, சுத்துவழியில ரத்தத்தைக் கொண்டுபோய்க் கீழ சேக்குது. உடம்பு தானாப் போட்டுக்கிட்ட வழி. அவ்ளோ தூரம் சுத்துதுன்னா நேர்வழி ரொம்ப அடைச்சிருக்குன்னு அர்த்தம். இதயத்தோட சதையும் தடிச்சிருக்கு. தள்ளிப் போட முடியாது. திருச்சியில வச்சு, தொடை வழியா பலூனை அனுப்பி விரிச்சு ஸ்டென்ட் வைக்கணும். அதுக்கப்புறம் திரும்ப அளக்கணும். அதுவரைக்கும் கர்ப்பம் கூடவே கூடாது. நல்லா கேட்டுக்குங்க, கூடாது."

கயல் தரையைப் பாத்துட்டா. நான் சம்பூரணத்தைப் பாத்தேன். அந்தம்மா வாயத் தொறந்து ஏடாகூடமா ஏதாவது சொல்லட்டும், டாக்டர் அறைன்னுகூடப் பாக்காம கிழிச்சுரலாம்னு வார்த்தையெல்லாம் அடுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

சம்பூரணம் எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்புட்டுச்சு. "பேரப்புள்ள கெடக்கட்டும் டாக்டரே. வந்தா வருது, வராட்டிப் போவுது. எனக்கு எம் மருமவ உசுரோட வேணும். அவளைப் பொழைக்க வச்சுக் குடுங்க."

"எனக்கும் அதான் சார்"னான் மாப்ள.

நான் அடுக்கி வச்ச வார்த்தையெல்லாம் வீணாப் போச்சு. யாரையாவது திட்டியே ஆகணும்போல இருந்துச்சு. ஆளு கெடைக்கல.

கயல் நிமிந்து மாமியாளைப் பாத்தா. "இதை வூட்டுல ஒரே ஒருவாட்டி சொல்லியிருக்கலாம்ல அத்தை? புள்ள இல்லன்னா அனுப்பிருவீங்கன்னு பயந்துல்ல கெடந்தேன்."

"நீ கேக்கலையே புள்ள. உனக்கு இப்புடி ஒரு பயம் இருக்குன்னு நான் என்னத்தைக் கண்டேன்?"

"நான் எப்புடிக் கேப்பேன்? நீங்கதான் மாசா மாசம் என்கிட்ட வேற ஒண்ணைக் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே."

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்புட மணியை அடிச்சாரு.